பகலில் விற்ற டார்ச்சுகள்

டார்ச் வியாபாரத்தில் ஒரு வசதி உண்டு: இருட்டில் பயன்படுகிற பொருளைப் பகலிலேயே விற்றுவிடலாம். ஒரகடம் கூட்டு ரோட்டில் பதினெட்டு வருடமாக ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறேன். போனிலேயே லைட் இருக்கும்போது டார்ச்சை யார் வாங்குகிறார்கள் என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். இங்கே பல கம்பெனிகளில் போனை வாசல் கேட்டிலேயே வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். அதனால் எலெக்ட்ரீஷியன், பிளம்பர், ஏசி மெக்கானிக் என்று எல்லோருடைய சட்டைப் பையிலும் விரல் நீளத்தில் ஒரு டார்ச் இருக்கும். "இதுல எது நல்லது?" என்ற கேள்விக்குத் தினமும் பதில் சொல்லி மாட்டிக்கொள்ளும் சக கடைக்காரர்களுக்கு நான் பட்ட பாடு புதிதாக இருக்காது.

எதிர்ச் சுவர்

டார்ச் வாங்க வருகிறவர் முதலில் செய்வது, ரோட்டைத் தாண்டி இருக்கும் காம்பவுண்டு சுவரில் அடித்துப் பார்ப்பது. பகல் வெயிலிலும் அங்கே வட்டம் தெரிந்தால் அதுதான் நல்ல டார்ச். நானும் அப்படியே விற்கப் பழகினேன். பிளம்பர் ஒருவருக்கு இருப்பதிலேயே பளிச்சென்று எரிவதை எடுத்துக் கொடுத்தேன். மறுநாளே வந்துவிட்டார். பத்து நிமிடத்தில் பிடிக்க முடியாமல் சுட்டதாம், இருபதாவது நிமிடத்தில் அணைந்துவிட்டதாம். சுவர் வரைக்கும் அடித்துக் காட்டித்தானே கொடுத்தேன் என்றேன். அவர் சொன்னார்: "செவுத்துல பைப் ஓடலண்ணா. என் மூக்குக்கு நேரா ஓடுது."

காந்தம்

அடியில் காந்தம் வைத்த டார்ச் வந்தபோது, மிஷினில் ஒட்டவைத்துவிட்டுக் கையை வீசிக்கொண்டு வேலை பார்க்கலாம் என்று எல்லோரிடமும் அளந்தேன். லேத் ஓட்டுகிற ஒருவர் நம்பி வாங்கிப் போனார். ஒரே வாரத்தில் அடிப்பக்கம் முழுக்க இரும்புத் தூள் அப்பிய டார்ச்சைக் கவுண்டரில் வைத்தார்: "தாடி வளந்துகினே போவுது. ஷேவ் பண்ணிக் குடு."

பல்

சவரிமுத்து மண்ணூர்க்காரர். இருங்காட்டுக்கோட்டையில் ஒரு கம்பெனியில் காண்ட்ராக்ட் எலெக்ட்ரீஷியன். அவர் சுவரைப் பார்க்கவே இல்லை. ஒவ்வொரு டார்ச்சாக எடுத்துப் பல்லில் கடித்துப் பார்த்தார். வாயில் வைக்காதீர்கள், வேறு ஆளுக்கு விற்கிற பொருள் என்று எரிந்து விழுந்தேன். "ரெண்டு கையும் பேனலுக்குள்ள இருக்கறப்போ நீ வந்து புடிச்சிப்பியா?" என்று சிரித்துவிட்டு, தன் பழைய டார்ச் போலவே கொஞ்சம் மஞ்சளாக எரிகிற ஒன்று கேட்டார்.

என்னிடம் அந்த மாதிரி இரண்டு இருந்தன. மங்கலாக இருக்கிறது என்று திரும்பி வந்தவை. மறுபடியும் யாராவது திருப்பிக்கொண்டு வந்து நிற்பார்கள் என்று அவற்றை டிராயரை விட்டு எடுக்கவில்லை. வெள்ளை வெளிச்சத்தில் இன்னும் நன்றாகத் தெரியும் என்று, ஒயர்கள் அடைந்து கிடக்கும் பேனலை ஒரு நாளும் திறந்து பார்க்காத நான், அவருக்குச் சொன்னேன். அரைமனதோடு வெள்ளை டார்ச்சை வாங்கிக்கொண்டார்: "செவப்பும் பிரவுனும் தனித்தனியா தெரியணும்ணா. அது ஒண்ணுதான் எனக்கு."

சிவப்பும் பிரவுனும்

ஒன்றரை மாதம் கழித்து, அவரோடு வேலை செய்யும் மணி டேப் வாங்க வந்தபோதுதான் விஷயம் தெரிந்தது. கம்பெனியில் உற்பத்தி லைன் நின்றுபோய், சூப்பர்வைசர் சவரியின் முதுகுக்குப் பின்னால் நின்று அவசரப்படுத்தியிருக்கிறார். அவர் சிவப்பு ஒயரையும் பிரவுன் ஒயரையும் இடம் மாற்றி இணைத்துவிட்டார். சுவிட்சைப் போட்டதும் மிஷினின் எலெக்ட்ரானிக் கார்டு எரிந்துபோனது. டெஸ்டர் வைத்துப் பார்த்திருக்க வேண்டும், அது அவர் தப்பு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் டார்ச்சைப் பற்றி மணியிடம் ஏன் வாயைத் திறக்கவில்லை? தப்பு அவருடையது மட்டும்தான் என்றால் மறைக்க எனக்கு என்ன இருந்தது? மணி டேப்பைப் பையில் போட்டுக்கொண்டே சொன்னார்: "ஐடி கார்டை வாங்கிட்டாங்க சார். கண்ணு சரியில்லன்னு எழுதிட்டாங்க. இனிமே எந்தக் கம்பெனிலயும் பேனல் பக்கம் வுட மாட்டாங்க."

நீலச் சட்டை

மணி போனதும், கடை இருட்டாகட்டும் என்று ஷட்டரை முழுக்க இறக்கினேன். துண்டு ஒயர்களில் ஒரு சிவப்பையும் ஒரு பிரவுனையும் எடுத்துத் தூசியில் புரட்டி, சவரிக்கு விற்ற ரகத்தில் ஒன்றை அடித்தேன். எது எது என்று எனக்கும் தெரியவில்லை. டிராயரில் கிடந்த மஞ்சள் டார்ச்சை அடித்தேன். தெரிந்தது. சவரியின் கண்ணில் கோளாறு இல்லை என்பதை அந்த நிமிடம் அறிந்தவன் நான் ஒருவன்தான். காண்ட்ராக்டரிடம் போய்ச் சொல்லியிருக்கலாம். நாளைக்கு, நாளைக்கு என்றே இருந்தேன்.

போன வாரம் சவரியே வந்தார், செக்யூரிட்டியின் நீலச் சட்டையில். சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு குடோன் கேட்டில் நிற்கிறாராம். நான் மஞ்சள் டார்ச்சை எடுத்து அவர் முன்னால் வைத்தேன், காசு வேண்டாம் என்றேன். அவர் அதை அடித்துத் தன் உள்ளங்கையைப் பார்த்தார். பிறகு அணைத்து என் பக்கம் தள்ளினார்: "இது இப்போ எதுக்குண்ணா? அன்னிக்கு நீ குடுத்தியே, அதையே குடு. ஆள் வர்றது தெரிஞ்சா போதும். அவன் சட்டை இன்னா கலர்னு யாரு கேக்கப்போறாங்க?"

இத்தனை வருடத்தில் வாங்குகிறவரின் வேலைக்குச் சரியாகப் பொருந்தும் டார்ச்சை நான் விற்றது அன்றுதான். அதற்கு முதலில் அவருடைய வேலையையே மாற்றிவிட வேண்டியிருந்தது.