முனை வீட்டுக்காரர் போடும் பெஞ்சு

காலை ஏழரை மணிக்கு மதுரை மாட்டுத்தாவணியில் ராஜபாளையம் பேருந்தில் ஏறினோம், நானும் மூன்று வயது நிரம்பாத மகள் யாழினியும். கணவருக்கு ராஜபாளையத்து நூற்பாலை ஒன்றில் வேலை கிடைத்ததால், சில மாதங்களாக அவர் ஆலை விடுதியில் தங்கியிருக்கிறார். கட்டிடக்கலை படித்தவள் என்பதால் வீடு பார்க்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. பார்க்க வேண்டியவை இரண்டு வீடுகள்: ராஜபாளையத்தில் ஒன்று, பக்கத்து ஊரான ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒன்று. மாலைக்குள் பதில் சொல்வதாக இரண்டு உரிமையாளர்களிடமும் சொல்லியிருந்தேன்.

மதுரையில் எங்கள் வீடு மூன்றாவது மாடி. வேறு பிள்ளைகளைக் கண்டால் யாழினி என் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறாள். அவள் நாலு பிள்ளைகளோடு ஓடி விளையாட ஓர் இடம் வேண்டும். அறைகளின் அளவெல்லாம் அதற்குப் பிறகுதான்.

ஏறத்தாழ எண்பத்தைந்து கிலோமீட்டர். கல்லுப்பட்டி தாண்டியதும் யாழினி வாந்தி எடுத்தாள். கிளம்பும்போது வாழைப்பழம் கொடுத்தது தவறோ என்று தோன்றியது. கிருஷ்ணன்கோவிலுக்குப் பிறகு வலப்பக்கம் மலை கூடவே வந்தது. அவள் அதைப் பார்த்தபடி தூங்கிவிட்டாள்.

பத்து மணிக்கு ராஜபாளையம். தென்காசி சாலையை ஒட்டிய புதுக் குடியிருப்புக்கு ஆட்டோ நூற்றைம்பது ரூபாய் கேட்டது.

“ஏரியா நல்ல ஏரியாதான்க்கா,” என்றார் ஓட்டுநர். “ஆனா இங்கன இறக்கிவிட்டா, திரும்பி வாரதுக்கு ஒரு சவாரி கெடைக்காது.”

அகலமான சாலை, மூடிய சாக்கடை, வரிசையாகப் புங்க மரங்கள். வீட்டில் எல்லா அறைக்கும் வெளிச்சம் இருந்தது. மனைப் படத்தில் பச்சை வண்ணத்தில் காட்டியிருந்த பூங்காவும் சொன்ன இடத்திலேயே இருந்தது. சறுக்குமரம், ஊஞ்சல், வெட்டிவிட்ட புல். வாயிற்கதவு மட்டும் பூட்டியிருந்தது. எதிர் வீட்டில் பைக் துடைத்துக்கொண்டிருந்த பெரியவரிடம் கேட்டேன்.

“சாயந்தரம் தொறப்பாவம்மா. ஆனா பிள்ளைகள விட்டா புல்லு நாசமாப் போகுதுன்னு சங்கத்துல வேண்டாம்னுட்டாவ.”

“அப்ப யாரு உள்ள போவா?”

“நாங்க நாலு பேரு வாக்கிங் போவோம்.”

அவர் கேலியாகச் சொல்லவில்லை. யாழினி கம்பியைப் பிடித்துக்கொண்டு சறுக்குமரத்தையே பார்த்தாள். ஒரு பூட்டுக்காக நல்ல வீட்டை விடுவது சரியா? சங்கத்தில் பேசிப் பார்க்கலாமே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மதியம் சாப்பிட்டுவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்கு நகரப் பேருந்து. பெண்களுக்குக் கட்டணம் இல்லை. பதினோரு கிலோமீட்டர்தான், ஆனால் நின்று நின்று போகிறது. இங்கே குடிவந்தால் கணவர் தினமும் இப்படித்தான் போய்வர வேண்டும்.

தேர் ஓட வேண்டும் என்பதால் ரத வீதிகள் அகலமாக இருக்கின்றன. நான் பார்க்க வந்த வீடு அவற்றில் ஒன்றிலிருந்து பிரியும் சின்னத் தெருவின் முனையில் இருந்தது. படுக்கையறையில் பகலிலேயே விளக்குப் போட வேண்டியிருந்தது. வாசலில் திறந்த சாக்கடை. கடைவீதி நெரிசலைத் தவிர்க்கும் வண்டிகள் எல்லாம் இந்தத் தெரு வழியாகவே பாய்ந்து போயின. வேண்டாம் என்று முடிவு செய்து, பக்கத்து வீட்டில் வாங்கியிருந்த சாவியைத் திருப்பிக் கொடுத்தேன். நைட்டி தைக்கும் செல்வி அக்கா தையலை நிறுத்திவிட்டு வந்து வாங்கிக்கொண்டார்.

“வீடு எப்படியோ போகட்டும். நீங்க பெஞ்சு போடுவியளா?”

எனக்குப் புரியவில்லை. அப்போது மணி ஐந்தை நெருங்கியிருந்தது. “செத்த நேரம் இருந்து பாருங்க,” என்று சொல்லி, சுவரோரம் கிடந்த நீளமான பள்ளிக்கூட பெஞ்சு ஒன்றை இழுத்தார். இன்னொரு வீட்டுப் பெண் வந்து மறுமுனையைத் தூக்க, பெஞ்சு தெருவின் குறுக்கே நின்றது. அடுத்த நிமிடம் வீடுகளிலிருந்து பிள்ளைகள் கொட்டினார்கள். விளக்கு வைக்கும் வரை வண்டி கிடையாது. பெஞ்சு போடுவது முனை வீட்டுக்காரர் வேலை. முனை வீடு காலியான பிறகு, அந்த வேலைக்குச் செல்வி அக்கா தையலை விட்டுவிட்டு ஓடிவருகிறார்.

“ஆம்புலன்ஸ் வந்தா என்னக்கா பண்ணுவீங்க?”

“தூக்க எம்புட்டு நேரம் ஆகும்? அதுக்குத்தான முனை வீட்டுல ஆள் வேணுங்கோம். சும்மா குடியிருக்க யாரு வேணும்னாலும் வருவாவ.”

யாழினியின் கை என் சேலையில் இல்லை. பதறித் தேடினேன். பெரிய பெண் ஒருத்தி நொண்டியாடத் தரையில் கிழித்த பாண்டிக் கட்டத்துக்கு நடுவில் அவள் நின்றுகொண்டிருந்தாள்.

“ஏட்டி பாப்பா, கோட்ட மிதிக்காத, நீ அவுட்டு!” என்றாள் அந்தப் பெண். யாழினி என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. மறுபடி முதல் கட்டத்துக்குப் போனாள்.

அப்போதுதான் தண்ணீர் கேன் ஏற்றிய வேன் ஒன்று பெஞ்சை முட்டுவது போல் வந்து நின்றது. செல்வி அக்கா அடுப்பை அணைக்க உள்ளே போயிருந்தார். ஓட்டுநர் ஹாரனை விடாமல் அழுத்தினார்.

“யாரும்மா அது, ரோட்ட வெலைக்கு வாங்கிட்டியளோ? எடுங்க!”

பெஞ்சின் நுனியைப் பிடித்தேன். தூக்கவில்லை. “பிள்ளைங்க நிக்குதுண்ணே. ரத வீதி வழியா சுத்திப் போங்க.”

அவர் தலையை வெளியே நீட்டி என்னை ஏற இறங்கப் பார்த்தார். “முனை வீட்டுக்குப் புதுசா வந்தவியளா?”

“ஆமா,” என்றேன்.

“வந்த அன்னைக்கேவா!” என்று முனகியபடி வண்டியைப் பின்னால் எடுத்தார்.

வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த செல்வி அக்கா திரும்பி உள்ளே போனார். சாவியை எடுத்துவந்து என் கையில் வைத்தார்.

மதுரைப் பேருந்தில் ஏறியதும் முனை வீட்டு உரிமையாளரிடம் சரி என்று சொல்லிவிட்டு, ராஜபாளையத்து உரிமையாளரை அழைத்து வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டார். பூங்காவைப் பற்றிச் சொல்லத் தயங்கி, வெறுமனே மன்னிப்புக் கேட்டேன். சாக்கடைக்கு மூடி போடவேண்டும். இருட்டறைக்கு ஏதாவது செய்ய வேண்டும். கணவர் தினமும் ராஜபாளையத்துக்கு அலைய வேண்டும். நாங்கள் எந்த ஊருக்குக் குடிபோகிறோம் என்பது பெயர் தெரியாத ஒரு வேன் ஓட்டுநருக்குத் தெரிந்துவிட்டது. கணவருக்கு இன்னும் தெரியாது. அவரிடம் எப்படித் தொடங்குவது என்று யோசித்தபடி, கைபேசியைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.