ஐந்தாம் நம்பர் குப்பி

அடையாற்றில் ஒரு கல்லூரி லேபில் கண்ணாடிச் சாமான் கழுவுகிறேன். எட்டாவதோடு படிப்பை விட்டவள். அங்கே நடப்பதில் பாதி எனக்குப் புரியாது. கவலைப்பட மட்டும் நன்றாகத் தெரியும்.

சென்ற வருடம் என் மகளுக்கு வயிற்றில் நாடாப்புழு என்றார் டாக்டர். பாவாடை நாடாத் துண்டு போல வெள்ளையாக வெளியே வந்ததை நானே பார்த்திருந்தேன். ஒரே வேளை மாத்திரை, சரியாகிவிடும் என்று எழுதிக்கொடுத்தார். வாங்கினேன், கொடுக்கவில்லை. அவ்வளவு நீளப் புழுவைக் கொல்கிற மருந்து ஒன்பது வயதுப் பிள்ளையை என்ன செய்யும்? சர்க்கரை டப்பாவுக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன்.

அந்தச் சமயம் லேபில் ஆராய்ச்சி செய்யும் பெண் பூசணி விதை, மாதுளை வேர்ப்பட்டை, கொட்டைப்பாக்கு என்று சாறு இறக்கி, ஆட்டுக்குடலில் எடுத்த நாடாப்புழுக்கள் மேல் விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். செடிச் சரக்குதானே, பிள்ளையை ஒன்றும் செய்யாது என்று நினைத்தேன். கழுவ வருகிற சாக்கில் தினமும் எட்டிப் பார்ப்பேன். குப்பிகளிலும் தட்டுகளிலும் பேர் கிடையாது, நம்பர் மட்டும்தான். ஐந்தாம் நம்பர் தட்டில்தான் புழு எப்போதும் முதலில் அடங்கியது. நான்காம் நாள் ஐந்தாம் நம்பர் குப்பியைத் துணியில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டேன்.

வாசல் வரை போனேன். எத்தனை சொட்டு கொடுப்பது? அந்தப் பயம் திருப்பிக் கூட்டி வந்தது. சும்மா கேட்பது போல, "ஏம்மா, அஞ்சாம் நம்பரு இன்னா செடி?" என்றேன்.

"அது செடியே இல்லக்கா. டாக்டருங்க குடுக்கற மாத்திரையத்தான் கரைச்சு வச்சிருக்கேன். அதோட ஒப்பிட்டுப் பாத்தாதானே என் செடி தேறுமான்னு தெரியும்."

மற்ற குப்பிகளைப் பற்றியும் சொன்னாள். சாறு இறக்கவே குடிக்கக் கூடாத ஏதோ திரவம் ஊற்றுகிறார்களாம். தட்டில் செத்த புழு வயிற்றிலும் சாகும் என்று சொல்ல முடியாதாம். மாதுளை வேர்ப்பட்டை அளவு மீறினால் ஆளையே சாய்த்துவிடுமாம். இதிலிருந்து ஒரு மருந்து வர எத்தனையோ வருடம் ஆகலாம், வராமலும் போகலாம் என்றாள்.

பையிலிருந்து குப்பியை எடுத்து மேசையில் வைத்தேன்.

"எம் பொண்ணுக்குத்தாம்மா, வயித்துல நாடாப்புழு. மாத்திர வூட்லயே கீது. பயந்துகினு குடுக்கல."

அவள் குப்பியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். "பேரு தெரியாத குப்பிக்குப் பயமில்ல, டாக்டர் குடுத்த மாத்திரைக்குப் பயமாக்கா?"

டாக்டருக்கு அங்கிருந்தே போன் போட்டு அளவை இன்னொரு முறை கேட்டுக்கொண்டேன்.

சாயங்காலம் மகளுக்கு இட்லி கொடுத்து, மாத்திரையை விழுங்க வைத்தேன். அவள் வீட்டுப்பாடம் எழுத உட்கார்ந்தாள். நான் எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன். ஒரு பக்கம் எழுதி முடித்துத் தலையைத் தூக்கினாள்.

"இன்னாமா, என்னையே பாத்துகினு கீற?"

"ஒண்ணுமில்ல, எழுது" என்றேன்.