நூற்றிருபது சட்டைகளும் ஒரு டாலர் குறியும்

சாந்தோமில் ஒரு பள்ளி மைதானத்தில், நான் போட்ட ஃபார்முலாவால் ஒரு பையனின் சட்டைப் பொத்தான் தெறித்து பி.டி. மாஸ்டரின் நெற்றியில் அடித்தது. கம்ப்யூட்டர் துறையில் இந்தப் பெருமை எனக்கு மட்டும்தான் என்று நினைக்கிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் ராயப்பேட்டை யூனிஃபார்ம் தையல் கம்பெனி ஒன்றில் நான் ஆபரேட்டர். ஏசி அறை எனக்கும் கம்ப்யூட்டருக்கும் மட்டும். திமிருக்குக் கேட்க வேண்டுமா? ஸ்போர்ட்ஸ் டே அணிவகுப்புக்கு நூற்றிருபது சட்டை ஆர்டர் வந்தது. பையன்களின் மார்பளவுகளை வரிசையாக அடித்தேன். ஒவ்வொன்றுக்கும் நாலு இன்ச் லூஸ் கூட்ட வேண்டும். அந்த நாலை மேலே F1 கட்டத்தில் வைத்து, முதல் பையனுக்கு =C4+F1 என்று போட்டு, கீழே வரை காப்பி செய்தேன்.

முதல் பீஸ் சரியென்றால் லாட்டே சரி என்பது எங்கள் கம்பெனி வழக்கம். கட்டிங் மாஸ்டர் ரஹீம் பாய் ஸ்கிரீனில் முதல் வரியை மட்டும் பார்த்தார்.

"முப்பத்திரண்டும் நாலும் முப்பத்தாறு. கரீட்டா கீது. மிச்சத்தயும் வெட்டிடவாம்மா?"

"கம்ப்யூட்டர் தப்பு பண்ணாது பாய்."

இதை நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது. பேப்பரை மிச்சம் பிடிக்க, கூட்டிய அளவை மட்டும் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன்.

ட்ரையலில் முதல் பையனுக்குச் சட்டை கச்சிதம். இரண்டாமவன் மூச்சை அடக்கித்தான் பொத்தான் போட்டான். மூச்சை விட்டதும் பொத்தான் பறந்தது.

"இன்னா சார் இது, சட்டையா தலகாணி ஒறையா?" என்று பி.டி. மாஸ்டர் நெற்றியைத் தேய்த்தார்.

கூட வந்திருந்த முதலாளி, ரஹீம் பாய் பக்கம் திரும்பினார். "உமக்குக் கண்ணு போச்சு பாய். இருவது வருஷம் போதும். திங்கக்கெழமைலேர்ந்து வேற ஆளு."

பாய் குனிந்து தெறித்த பொத்தானை எடுத்தார். நான் பி.டி. மாஸ்டருக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டேன். பயம்.

கம்பெனிக்குத் திரும்பியதும் இரண்டாம் வரியைப் பார்த்தேன். C5+F2. அதற்கடுத்தது C6+F3. காப்பி செய்யச் செய்ய F1-உம் ஒவ்வொரு கட்டமாகக் கீழே இறங்கியிருந்தது. அங்கெல்லாம் காலி. நூற்றுப்பத்தொன்பது பையன்களுக்கு லூஸ் பூஜ்யம். F$1 என்று ஒரு டாலர் குறி போட்டிருந்தால் அது அசையாமல் நின்றிருக்கும். பாயையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டு, டாலர் குறியை விட்டது நான்தான் என்று முதலாளியிடம் சொல்லிவிட்டேன்.

"துணி நவுராம குண்டூசி குத்துற மாதிரியாம்மா அந்த டாலரு?" என்றார் பாய்.

"ஆமா பாய்."

"அத்த குத்தலியா நீ?"

"நாளான்னிக்கு ஸ்போர்ட்ஸ் டே! பசங்க உன் கம்ப்யூட்டர கட்டிக்கினு நடப்பாங்களா?" என்று முதலாளி என்மேல் பாய்ந்தார்.

பாய் ஒரு சட்டையை உள்பக்கம் திருப்பினார். இரண்டு பக்கத் தையலுக்கு உள்ளேயும் முன்துணி, பின்துணி இரண்டிலும் ஒரு இன்ச்சுக்கு மேல் விட்டிருந்தது.

"பிரிச்சி அடிச்சா நாலு இன்ச் வந்துடும் மொதலாளி. துணி வேஸ்ட்டுனு திட்டுவீங்கன்னு சொல்லல."

முதலாளி தொண்டையைக் கனைத்துக்கொண்டு வெளியே போனார். திங்கட்கிழமைப் பேச்சை அதன்பிறகு அவர் எடுக்கவில்லை. பையன்கள் தாராளமாக மூச்சுவிட்டு நடந்தார்கள்.

இளைஞர்களே, ஃபார்முலாவைக் காப்பி செய்தால் கடைசி வரியைப் பாருங்கள். முதல் வரி எப்போதும் நல்ல பிள்ளைதான். நான் மன்னிப்புக் கேட்டபோது பாய் கத்தரியைத் துடைத்தபடி சொன்னார்:

"வளர்ற பசங்களுக்கு அரை இன்ச் போதும்மா. நீ வந்ததுலேர்ந்துதான் ஒரு இன்ச்சு விடறேன்."