வேலுச் சித்தப்பா உடைத்த கத்திகள்

எண்ணெய் தோய்ந்த தடித்த தாளைப் பிரிக்கும்போது குப்பென்று எழும் அந்த நெடி, இன்றைக்கும் இரும்புக்கடை எதையாவது தாண்டிப் போகும்போது என்னை அங்கேயே நிறுத்திவிடுகிறது. ஏலப்பாறைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், "லயம்" என்று நாங்கள் சொல்லும் வரிசை வீடுகள் ஒன்றில் அப்பா, அம்மாவோடு நானும், அடுத்த வீட்டில் அப்பாவின் தம்பி வேலுச் சித்தப்பாவும், அவரைக் கட்டிக்கொண்டு வந்து ஒரு வருஷம்கூட ஆகாத மாடத்திச் சித்தியும் இருந்தோம். எனக்கு அப்போது ஏழெட்டு வயதிருக்கும். தேயிலைச் செடிகளைக் குட்டையாக வெட்டிவிடும் "கவாத்து" தொடங்கும் சமயம் அது. அதுவரை அடிவாரத்துக் கொல்லர்கள் அடித்துத் தந்த கத்திகளுக்குப் பதிலாக, அந்த வருஷம் சீமைக் கத்திகள் அந்த எண்ணெய்த் தாளில் சுற்றிப் பெட்டி பெட்டியாக வந்து இறங்கின.

ஆட்களுக்குக் கொடுக்குமுன் ஒன்றைச் சோதித்துப் பார்க்கச் சொன்னார் தோட்டத்தை நடத்திய துரை. தோட்டத்திலேயே கைவலு உள்ளவர் சித்தப்பாதான். காலையில் ஆட்களைப் பேர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்பும் "பெரட்டுக்களத்தில்" எல்லோரும் பார்த்து நிற்க, அவர் காய்ந்த பலாக்கட்டையை வெட்டிச் சிதறடித்தார். பிறகு பாறை இடுக்கில் அலகைச் செருகிப் பிடியின்மேல் ஏறி நின்றார். கத்தி கொஞ்சம் வளைந்து நிமிர்ந்ததே தவிர ஒடியவில்லை.

"நல்ல கத்தி. நம்பி எடுக்கலாம்," என்றார் சித்தப்பா. கூட்டத்தில் நின்ற சித்தி பெருமை தாங்காமல் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

கவாத்து தொடங்கிச் சில நாள்தான் ஆகியிருந்தது. சாரல் விழுந்துகொண்டிருந்த ஒரு முற்பகலில் அப்பா வெட்டிக்கொண்டு போக, வெட்டி விழுந்த "மிலாறு" குச்சிகளைச் சித்தி பின்னால் பொறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தாளாம். அப்பா ஓங்கிய கையில் பிடி மட்டும் நின்றது. அலகு கழன்று பறந்துவிட்டது. அவர் திரும்பிப் பார்த்தபோது சித்தி கழுத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு செடியின்மேல் சரிந்திருந்தாள். கம்பளியில் கட்டித் தூக்கிக்கொண்டு வந்ததைத்தான் நான் பார்த்தேன். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. பிடிக்குள் மறைந்திருந்த இரும்பில், துருவேறிக் கறுத்த பழைய விரிசல் ஒன்று இருந்தது.

"என் கையாலதானடா போச்சு," என்று அப்பா தலையில் அடித்துக்கொண்டு அழுதார்.

"உன் கை இல்லண்ணே. நம்பி எடுக்கலாம்னு சொன்னது என் வாயி," என்றார் சித்தப்பா. அவர் அழவில்லை.

சித்தியை அடக்கம் செய்த மறுநாள் காலை, அவர் அதே பாறை அருகே போய் நின்று, எல்லோரும் அவரவர் கத்தியைத் தாருங்கள் என்று கேட்டார். ஆட்களை வேலை வாங்கும் கங்காணி ஓடி வந்தார்.

"ஏலே வேலு, புத்தி பேதலிச்சிருச்சா? தோட்டத்துச் சாமான்லே. அதான் சோதிச்சாச்சுல்லா?"

"சோதிச்சது ஒண்ணத்தான், கங்காணியய்யா. மிச்சத்த யாரு பாத்தா?"

ஆண்கள் தயங்கி நின்றார்கள். முதலில் வந்தவர்கள் பெண்கள்தான். தங்கள் புருஷன்மாரின் இடுப்பிலிருந்து கத்தியை உருவிக் கொண்டுவந்து கொடுத்தார்கள். சித்தப்பா ஒவ்வொன்றாகப் பாறை இடுக்கில் செருகி ஏறி நின்றார். பல கத்திகள் தாங்கின. சில பிடியோரத்தில் பட்டென்று ஒடிந்தன. ஒடியும்போதெல்லாம் அம்மா என் தோளை இறுக்கிப் பிடித்தாள். துரை வந்து சேர்ந்தபோது ஒடிந்த கத்திகள் ஒரு குவியலாகக் கிடந்தன. அவர் ஒன்றை எடுத்து, ஒடிந்த இடத்தில் கறுத்திருந்த பழைய விரிசலைப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். மிச்சக் கத்திகள் பெட்டிக்குத் திரும்பின. பழைய கொல்லர் கத்திகள் மறுபடி கைக்கு வந்தன. கங்காணி தடுத்தும் கேளாமல் தோட்டத்துக் கத்திகளை உடைத்ததற்காகச் சித்தப்பாவை அன்று சாயங்காலத்துக்குள் தோட்டத்தை விட்டுப் போகச் சொல்லிவிட்டார்கள்.

குமுளி வழியாகக் கம்பத்துக்கு இறங்கப் போவதாகச் சொன்னார். ரோட்டு வளைவு வரை அப்பா கூடவே நடந்தார். அதன்பின் சித்தப்பாவைப் பற்றித் தகவலே இல்லை. அப்பா தொழிற்சாலையில் இலை வாட்டும் வேலைக்கு மாறிக்கொண்டார். சாகும்வரை கத்தியைத் தொடவில்லை, வீட்டில் விறகு பிளந்ததுகூட அம்மாதான்.

போன வருஷம் அங்கே போயிருந்தேன். லயம் இருந்த இடத்தில் புல் மண்டிக் கிடக்கிறது. பெரட்டுக்களத்தில் லாரிகள் நிற்கின்றன. சித்தியின் பேரை அறிந்தவர் ஒருவரும் இல்லை. தேயிலைச் செடிகள் மட்டும் வெட்ட வெட்டத் துளிர்த்து மனிதர்களின் ஆயுளையும் தாண்டி நிற்கின்றன. அவள் சரிந்து விழுந்த செடியும் அந்தச் சரிவில் எங்கோ உயிரோடுதான் இருக்க வேண்டும். எதுவென்று காட்ட அப்பா இல்லை.