ஆடியில் வந்த லைன்

புருஷனை விட்டுவிட்டு ஓடிவிட்டாள் என்று சொல்கிறவர்களிடம் ஒன்று கேட்க வேண்டும். ஓடுகிறவள் இரண்டு மூட்டைச் சேலையையும் ஆள் உயரத்துக்கு ஒரு வட்ட விளக்கையும் தூக்கிக்கொண்டா ஓடுவாள்? லோகேஸ்வரிக்கு முழங்கால் வலி வேறு. கோயிலை ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் இரண்டு இடத்தில் தூணைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். அவள் ஓடினாளாம், அதை அடுத்த வீட்டு மருதம்மாள் கண்ணால் பார்த்தாளாம். பார்த்தது உண்மை. பார்த்ததற்கு வைத்த பெயர்தான் பொய். அந்தப் பொய்யைத் தோட்டத் தொழிலாளர் லயம் முழுக்கச் சொல்லிவிட்டு வந்து, தீபாவளிக்கு மயில்கழுத்து நிறத்தில் ஒரு சேலை கட்டினாளே மருதம்மாள், அது யாரிடம் வாங்கியது? ஓடிப்போனவளிடம்தான்.

லோகேஸ்வரி போனது லைன் போட. வீட்டுக்கு இன்டர்நெட் லைன். அதற்கு மேல் அதில் ஒரு ரகசியமும் இல்லை. வெட்கப்பட வேண்டிய சங்கதி ஒன்று இருந்தது. அதையும் அவள் மறைக்கவில்லை, தானே எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தாள். நாம்தான் சிரித்துவிட்டு மறந்துவிட்டோம்.

பாடாங் செராய்ப் பக்கத்துத் தோட்டத்து லயத்தில் பிறந்தவள் அவள். அதே லயத்தில் நாலு கதவு தள்ளி, செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டும் ரவிச்சந்திரனுக்கு வாழ்க்கைப்பட்டாள். கையுறைத் தொழிற்சாலையில் நின்றுகொண்டே வேலை பார்த்தாள். முழங்கால் போன பிறகு வேலையும் போனது. சும்மா உட்கார அவளுக்குத் தெரியாது. சுங்கைப் பட்டாணியில் சேலை மொத்த வியாபாரம் பார்க்கும் காஞ்சனாவிடம் கொஞ்சம் சரக்கு எடுத்து, போனுக்கு முன்னால் நின்று விரித்துக் காட்டி விற்க ஆரம்பித்தாள். நேரலை என்று இப்போது எல்லோரும் செய்கிறார்களே, அது.

தோட்டத்தில் சிக்னல் கிடைக்கும் இடம் ஒன்றே ஒன்று, லயத்துக்குப் பின்னால் இருந்த ஜம்பு மரத்தடி. அங்கே முசுட்டெறும்பு. ஒரு கையால் முந்தானையைக் காட்டிக்கொண்டு, மறு கையால் கணுக்காலைத் தட்டிக்கொண்டு அவள் வியாபாரம் செய்தாள். பாதியில் படம் நின்றுவிடும். அப்படி நின்ற ஒரு படத்தை யாரோ அவளுக்கே அனுப்பிவைத்தார்கள். அதை அவள் கோயில் வாசலில் எல்லோருக்கும் காட்டினாள்.

"வாயப் பொளந்துகிட்டு நிக்கிறேன் பாருங்க. பச்சப் பட்டு கையில, கண்ணு ரெண்டும் மேல. பாசார்ல ஐஸுக்குள்ள வச்ச மீனு மாரி இருக்கேன். இந்த மூஞ்சிகிட்ட எவ சேல வாங்குவா?"

காஞ்சனாவும் அதைத்தான் சொன்னாள். "அக்கா, உங்க பேச்சு நல்லா இருக்கு. ஆனா பேச்சு வந்து சேரவே மாட்டேங்குதே. ஆடி கடைசியில தீபாவளிச் சரக்கு வருது. அதுக்குள்ள ஒழுங்கான லைன் போட்டு ஒரு நேரலை செஞ்சி காட்டுங்க, மொத்தத்தையும் உங்களுக்கே தரேன். இல்லாட்டி இங்கயே ஒருத்தி கேட்டுக்கிட்டு நிக்கிறா."

தோட்டத்துக்குள் கம்பி லைன் வராது. அதனால்தான் பாடாங் செராயில், ஒரு தாமான் குடியிருப்பில், வாடகைக்கு ஒரு வரிசை வீட்டைப் பிடித்தார்கள். வீடு பிடித்தாகிவிட்டது, இனி லைனைப் பிடிக்க வேண்டும் என்று லோகேஸ்வரி சுங்கைப் பட்டாணிக்கு பஸ் ஏறினாள்.

அங்கே கடைத்தொகுதியின் கீழ்த்தளத்தில் மூன்று கம்பெனிக்காரர்கள் வரிசையாக மேசை போட்டிருந்தார்கள். ஒவ்வொருவரும் தங்களுடையதுதான் வேகம் என்றார்கள். முந்நூறு, ஐந்நூறு, ஆயிரம் என்று ஏலம் போவது போல எண்கள் ஏறின. மூன்றாவது மேசையில் ஒரு தமிழ்ப்பெண் இருந்தாள்.

"ஐந்நூறு எடுத்துக்குங்கக்கா, பறக்கும்."

"நான் சேல விக்கிறேன்மா, மோட்டார் ரேஸு ஓடல. நான் வாயத் தொறந்தா திரும்ப மூடுறது தெரியணும். அதுக்கு எவ்வளவு வேணும்?"

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். "அதுக்கு நூறே போதும்கா. ஆனா ரெண்டு வருச ஒப்பந்தம் லா. நடுவுல விட முடியாது."

"கட்டிக்கிட்டவரையே முப்பது வருசமா விடல. இத ரெண்டு வருசம் வச்சிக்க மாட்டேனா?"

இப்படிப் பேசியவளைத்தான் புருஷனை விட்டுப் போனவள் என்கிறார்கள்.

அந்தப் பெண் விலாசத்தைக் கேட்டு போனில் தட்டிப் பார்த்தாள். அந்தத் தெருக் கம்பத்தில் தங்கள் கம்பெனியின் பெட்டி மட்டும்தான் இருக்கிறது, மற்ற இரண்டு பேரும் அங்கே வரவே முடியாது என்றாள். லோகேஸ்வரி அரை நாள் நின்று வேகம் பேசியதெல்லாம் வீண். முதலில் கம்பத்தைக் கேட்டிருக்க வேண்டும். மூன்று மாப்பிள்ளைக்கு ஜாதகம் பார்த்துவிட்டு வந்தேன், இரண்டு பேர் ஊரிலேயே இல்லை என்று அவளே பின்னால் சொன்னாள்.

இனிதான் அந்த வெட்கக் கதை வருகிறது.

நல்ல நேரம் பார்ப்பதில் நம் லயத்தில் லோகேஸ்வரியை மிஞ்ச ஆளில்லை. காலையில் நாட்காட்டித் தாளைக் கிழிக்கும்போதே ராகு காலம், எமகண்டம் எல்லாம் மனதில் ஏற்றிக்கொள்வாள். யாராவது செவ்வாய்க்கிழமை புதுச் செருப்பைப் போட்டால்கூடக் கூப்பிட்டுக் கேட்பாள். புதுத் தொலைக்காட்சிப் பெட்டியோடு வந்த கடை வேனை அவள் வாசலிலேயே ஒன்றரை மணி நேரம் நிறுத்திவைத்ததை யாரும் மறந்திருக்க முடியாது.

புது வீட்டில் பால் காய்ச்ச ஆனி மாதக் கடைசியில் ஒரு முகூர்த்தம் குறித்திருந்தாள். அதற்கு முன்பே, ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், லைன் போடுகிற அஸ்மான் வந்துவிட்டார். வேன் மேல் ஏணி, கையில் துளைபோடும் மெஷின். வீட்டைக் கூட்ட வந்திருந்த லோகேஸ்வரி மணியைப் பார்த்தாள். ராகு காலம் தொடங்கியிருந்தது. பால் காய்ச்சாத வீடு, செவ்வாய்க்கிழமை, ராகு காலம், இதில் சுவரில் ஓட்டை வேறா?

"தா போலே லா, என்சே," என்றாள். இன்றைக்கு ஆகாது ஐயா, பால் காய்ச்சின பிறகு வாருங்கள் என்று தனக்குத் தெரிந்த மலாயில் விளக்கினாள்.

அஸ்மான் பொறுமையான ஆள். கம்பத்துப் பெட்டியில் ஒரே ஒரு இடம்தான் மிச்சம் இருக்கிறது, இன்றைக்கு விட்டால் வேறு யாராவது எடுத்துக்கொள்வார்கள் என்று இரண்டு தடவை சொன்னார். லோகேஸ்வரி அண்ணாந்து பார்த்தாள். பெட்டியை ஆணி அடித்து மாட்டியிருந்தார்கள். அதில் உள்ள இடம் எழுந்து எங்கே போய்விடும்? வெயிலில் வந்தவருக்குக் குடிக்க ஒரு சிராப் கலந்து கொடுத்து, சாமர்த்தியமாக அனுப்பிவைத்துவிட்டோம் என்ற நிறைவோடு தோட்டத்துக்குத் திரும்பினாள்.

அடுத்த நாள் வந்தபோது பக்கத்து வீட்டுச் சுவரில் புதுக் கம்பி பளபளவென்று ஓடியது. அந்த வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த சிவநேசன், அரசாங்க வேலையில் ஓய்வுபெற்ற யாழ்ப்பாணத்துக்காரர், வாசலில் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்.

"எப்பங்க ஐயா இது போட்டாங்க?"

"நேற்றுத்தான் பிள்ளை. உம்முடைய வீட்டில இருந்து ஏணியைத் தூக்கிக்கொண்டு வந்தான். ஓர் இடம் சும்மா இருக்கு, வேணுமோ எண்டு கேட்டான். போடும் எண்டன்."

"நேத்து ராகு காலமாச்சுங்களே."

"பேர்தான் சிவநேசன், நாங்கள் வேதக்காரர் பிள்ளை, சேர்ச்சுக்குப் போறனாங்கள். எங்களுக்கு ராகு காலம் வாறேல்லை."

லோகேஸ்வரி அந்தக் கம்பியைக் கம்பம் வரைக்கும் கண்ணால் தொடர்ந்து பார்த்தாள். தன் கையால் கலந்த சிராப்பைக் குடித்த தெம்பில் தன் லைனைப் பக்கத்து வீட்டுக்குப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார் மனுஷன். அவரை அங்கே அனுப்பிவைத்தது தன் வாய்தான்.

சிவநேசன் நல்லவர். விஷயம் தெரிந்ததும், "என்ரை லைனைப் பாவியுமன்," என்று தன் லைனையே பயன்படுத்தச் சொல்லி ரகசிய எண்ணையும் கொடுத்தார். ஆனால் அது சுவரைத் தாண்டி வந்து சேர்ந்த இடம் குளிக்கிற அறை ஒன்றுதான். வாளிக்கும் குழாய்க்கும் நடுவில் நின்று பட்டுச் சேலையை விரித்துப் பார்த்தாள். வாங்குகிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

கம்பெனிக்குப் போன் போட்டாள். பெட்டி நிறைந்துவிட்டது, யாராவது காலி செய்தால் கூப்பிடுகிறோம் என்றார்கள். லைன் இல்லாத வீட்டில் பாலைக் காய்ச்சி என்ன செய்வது, காப்பி போட்டுக் குடித்துவிட்டுத் திரும்பி வருவதா என்று முகூர்த்தத்தைத் தள்ளிவைத்தாள். ஆனி முடிந்து ஆடி பிறந்துவிட்டது. ஆடியில் யார் குடிபோவார்கள்? இனி ஆவணிதான். காஞ்சனாவின் சரக்கோ ஆடிக் கடைசியில் வருகிறது. தீபாவளி வியாபாரம் தன் கையைவிட்டுப் போகிறது என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது. தொழிற்சாலை வேலை நின்ற பிறகு தன் பெயரில் அவளுக்கென்று இருந்தது அது ஒன்றுதான்.

அப்போதுதான் கம்பெனியிலிருந்து போன் வந்தது. தெருவில் ஒரு வீடு காலியாகி, பெட்டியில் ஓர் இடம் கிடைத்திருக்கிறதாம். வருகிற செவ்வாய்க்கிழமை, மத்தியானம் மூன்று மணிக்கு மேல் அஸ்மான் வருவாராம். போன தடவை காலி வீடு என்று குறித்துவைத்திருக்கிறார்கள், இந்தத் தடவை ஆள் குடியிருந்தால்தான் போடுவார்களாம். வேண்டாம் என்றால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள்.

சோற்றுத் தட்டைக் கீழே வைக்காமலே ரவிச்சந்திரன் கேட்டார். "ஆடியில குடிபோவக் கூடாதுன்னு யாரு சொன்னது?"

"நான்தான்."

"பால் காய்ச்சாத வூட்டுல படுக்கக் கூடாதுன்னு?"

"அதுவும் நான்தான்."

"ராகு காலத்துல செவுத்துல ஆணிகூட அடிக்கக் கூடாதுன்னு?"

"எல்லாத்தையும் நான்தான் சொன்னேன். சொன்ன வாயில மண்ணு. இப்ப என்னாங்கிறீங்க?"

"முப்பது வருசமா பயங்காட்டிட்ட லோகா. ஒனக்கு பயம் எறங்கிடிச்சி, எனக்கு எறங்கல. நீ போ. நான் ஆவணி மொத நாளு பாலோட வரேன்."

அவள் அவர் தட்டில் இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள். பிறகு சிரித்தாள். "ஆடியில புருசன் பொண்டாட்டியப் பிரிச்சி வக்கிறது புதுசா கட்டினவங்களுக்குத்தான். நமக்கு இந்த வயசுல வாச்சிருக்கு. யாராச்சும் கேட்டா அப்பிடியே சொல்லுங்க."

அவர் யாரிடமும் சொல்லவில்லை. கூச்சப்பட்ட மனுஷன்.

அன்றைக்கு லோகேஸ்வரி வழக்கத்தை அடியோடு விட்டுவிட்டாள் என்று நினைக்க வேண்டாம். கெட்ட நாளில் பயணம் போகத்தான் வேண்டும் என்றால், நல்ல நேரத்திலேயே ஒரு பையைக் கொண்டுபோய் அடுத்த வீட்டில் வைத்துவிடுவார்கள். பை வாசலைத் தாண்டியபோதே பயணம் தொடங்கிவிட்டதாகக் கணக்கு. அதனால் முந்தின நாள், திங்கட்கிழமை, நல்ல நேரம் பார்த்து, மாற்றுத்துணி வைத்த பையை மருதம்மாள் வீட்டில் கொண்டுபோய் வைத்தாள்.

"இங்கயே இருக்கட்டும். நாளைக்கு எடுத்துக்கிறேன்," என்றவள் ஏன் என்று சொல்லவில்லை. எல்லோருக்கும் ராகு காலம் சொன்ன வாய்க்கு, தானே ஆடியில் கிளம்புகிறேன் என்று சொல்ல அன்றைக்கு வரவில்லை. மருதம்மாள் பையை அமுக்கிப் பார்த்தாள். துணி. அது போதும் அவளுக்கு. பொழுது சாய்வதற்குள் லயம் முழுக்க ஒரே பேச்சு, லோகா பொட்டி கட்டிவிட்டாள் என்று.

செவ்வாய்க்கிழமை வாடகைக் காடி வந்து நின்றது. சேலை மூட்டை இரண்டும் பின்னால் ஏறின. நேரலையில் முகத்துக்கு வெளிச்சம் அடிக்க வாங்கிய வட்ட விளக்கைக் குறுக்கே படுக்க வைத்தார்கள். மருதம்மாள் பையை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தாள்.

"எங்க லோகா, ஆடியில? அண்ண வரலயா?"

"அவரு ஆவணியில வருவாரு. நான் லைன் போடப் போறேன்."

"லைனா?" என்ற மருதம்மாள் வாசலில் நின்ற ரவிச்சந்திரனைப் பார்த்தாள். அவர் கண் கலங்கியிருந்தது. தும்மல் வந்து முட்டிக்கொண்டிருந்ததால் கலங்கிய கண் அது.

லோகேஸ்வரி வீட்டுக்குள் போய்ச் சாமி விளக்கைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, வலது காலை எடுத்து வாசலுக்கு வெளியே வைத்தாள். அந்த நேரம் பார்த்து அவர் தும்மினார். ஒற்றைத் தும்மல்.

லோகேஸ்வரி அப்படியே நின்றாள். வெளியே ஒரு கால், உள்ளே ஒரு கால். ஒற்றைத் தும்மல் கேட்டால் திரும்பி உள்ளே வந்து, உட்கார்ந்து, தண்ணீர் குடித்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று அந்த வீட்டில் சட்டம் போட்டவள் அவள். ரவிச்சந்திரன் பதறி உள்ளே ஓடினார். செம்பில் தண்ணீரோடு வந்து, "உக்காரு லோகா, ஒரு வா குடிச்சிட்டுப் போ லோகா," என்று கெஞ்சினார். அதைத்தான், புருஷன் கையில் தண்ணீரோடு காலில் விழாத குறையாக அழைத்தும் அவள் நிற்கவில்லை என்று மருதம்மாள் கோயில் வரைக்கும் கொண்டுபோனாள்.

காடிக்காரன் ஹாரன் அடித்தான். பாடாங் செராயில் அஸ்மான் ஏணியை இறக்கும் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது.

"உக்காந்தா இந்த முட்டி என்னை எந்திரிக்க வுடாது," என்றாள் லோகேஸ்வரி. உள்ளே இருந்த இடது காலையும் வெளியே எடுத்துவைத்தாள். பிறகு கையை நீட்டிச் செம்பை வாங்கி, வாசலுக்கு வெளியில் நின்றபடியே, மடமடவென்று முழுத் தண்ணீரையும் குடித்தாள். செம்பைப் புருஷன் கையில் கொடுத்தாள். மருதம்மாள் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் காடியில் ஏறினாள்.