கூர்மை போதாத கிதார்

மின்சாரக் கிதாரின் உயிர் மரத்தில் இருக்கிறதா, காந்தத்தில் இருக்கிறதா என்று சண்டை போட்டே எங்கள் நாற்பதுகள் தீர்ந்துகொண்டிருந்தன. அடையாறில் ஒரு மாடி அறை. காற்று திசை மாறும்போதெல்லாம் ஆற்றின் நாற்றம் உள்ளே வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்ததும் மூன்று பேர் அங்கே கூடுவோம். வீட்டுக்காரன் பல் டாக்டர். இன்னொருவன் ராயப்பேட்டையில் பள்ளிக்கூட வாத்தியார்; தேவாலயத்தில் காலைப் பூசைக்குப் பாடகர் குழுவோடு வாசித்துவிட்டு அதே வெள்ளைச் சட்டையோடு வருவான். மூன்றாவது நான். கல்லூரியில் ஒரே மேடையில் நின்று ஒரே ஊளைச் சத்தத்தை வாங்கிக்கொண்டவர்கள்.

டாக்டர் காந்தக் கட்சி. "பலகை எதுவா இருந்தா என்னடா? கம்பி ஆடுது, அடியில இருக்குற காந்தம் கேக்குது, அவ்ளோதான். கட்டில் கால்ல அந்தக் காந்தத்தை மாட்டினாலும் பாடும்."

வாத்தியார் மரக் கட்சி. வகுப்பில் இலக்கணத் தமிழ் பேசிக் களைத்த வாய், எங்களிடம் வந்ததும் அவிழ்ந்துகொள்ளும். "அப்போ உன் கட்டிலையே தூக்கினு வா நைனா. தோள்ல மாட்டினு வாசி, பாக்கலாம்."

நான் எந்தக் கட்சியும் இல்லை. எனக்குக் காது இருந்தது.

வாதம் முற்றினால் தீர்ப்புக்கு எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. அதற்குச் 'சுவரைப் பார்ப்பது' என்று பெயர். ஒருவன் நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார வேண்டும். முதுகுக்குப் பின்னால் இன்னொருவன் ஏதாவது ஒரு கிதாரை எடுத்து வாசிப்பான். உட்கார்ந்தவன் முதலில் அந்த ஒலி எப்படி இருக்கிறது என்று சொல்லிவிட்டு, அப்புறம்தான் அது எந்தக் கிதார் என்று சொல்ல வேண்டும். மற்ற இருவரும் கிதாரைச் சரியாகச் சொல்வார்கள். ஒலியைச் சொல்ல வராது. "நல்லா இருக்கு" என்பார்கள், "கொஞ்சம் தடிப்பா இருக்கு" என்பார்கள். நான் சொல்வேன்: ஈரப் புடவையை மாடியில் உதறுகிற சத்தம். வெண்கலச் சொம்பின் விளிம்பில் நகம் பட்டது. கற்பூரம் பற்றிக்கொள்ளும் நொடி. அவற்றை அவர்கள் வெளியே போய்த் தங்கள் சொற்களாகச் சொல்லிக்கொள்வதும் எனக்குத் தெரியும். அந்த அறையில் என் இடம் அந்த நாற்காலிதான்.

ஒரு மழைக்காலம் முடிந்தபோது என் கிதார் மந்தமாகிவிட்டது. முதல் சம்பளத்திலிருந்து என்னோடு இருக்கும் சிவப்புக் கிதார். உச்சக் கம்பியில் விரல் வைத்தால் கண்ணாடித் தூள் போல ஒன்று சிதறும். அந்தத் தூளுக்காகத்தான் அதை வாங்கினேன். அதைத்தான் காணவில்லை. ஈரக் காற்று என்றேன். கம்பி மாற்றினேன். சில நாள் தேவலை போலிருந்தது, பிறகு பழையபடி மூட்டம். ஒயரை மாற்றினேன். ஆம்ப்ளிஃபயரின் ஸ்பீக்கரை மாற்றினேன். கிதாரின் குமிழுக்கு அடியில் கூர்மையைக் குறைக்கும் கப்பாசிட்டர் ஒன்று உண்டு, அதைப் பிடுங்கி எறிந்தேன். பிடுங்கியது டாக்டர். பல்லின் வேரைப் பார்க்கிற பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஈயம் உருக்கும் கோலை நீட்டி, கிதாரிடம் "கொஞ்சூண்டு வலிக்கும்மா" என்பான். வாத்தியார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பான். நானும் சிரித்தேன்.

"இன்னும் மந்தமாத்தான் இருக்கு மச்சி."

"ஆமாண்டா, இருக்கு," என்பான் டாக்டர், முகத்தில் ஒரு கோடு அசையாமல்.

"ஜலதோசம் புட்ச்ச கிதார் மச்சி அது," என்பான் வாத்தியார். "நல்லா காரமா ஒண்ணு மாட்டு."

கடைசியில் பிக்கப்பையே மாற்றுவது என்று முடிவாயிற்று. கம்பிகளுக்கு அடியில் செம்புக் கம்பி சுற்றிய காந்தக் கட்டை. கிதாரின் தொண்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். டாக்டர் அதைக் கழற்றி எஃகுத் தட்டில் போட்டான். "செத்துப்போச்சுடா. உள்ள நரம்பே இல்ல." நான் அதைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் வாத்தியாரிடம் தள்ளினேன். "உன் பழைய பலகைக்கு இது போதும், எடுத்துக்கோ."

புதிதாக மாட்டியது கிடைப்பதிலேயே கூரானது. முதல் மீட்டலிலேயே கண்ணாடித் தூள் திரும்பி வந்தது. மறுபடி மீட்டினேன். பக்கத்து வீட்டு நாய் ஊளையிட்டது. "பார்ரா, நாய்க்கே புட்ச்சுப் போச்சு," என்றான் வாத்தியார். ஜன்னலைப் பார்த்துக் கும்பிடு போட்டேன்.

அடுத்து வந்த ஒரு ஞாயிறு மறுபடி மரமா காந்தமா. என்னைச் சுவரைப் பார்க்கச் சொன்னார்கள். பின்னால் டாக்டர் வாசித்தான். நான் சொன்னேன்: "நனைஞ்ச சாக்கு. கம்பளிக்குள்ள வாயைப் பொத்திக்கிட்டு யாரோ அழறாங்க. இதுல உயிர் போய் நாளாச்சு. வேற எது, நம்ம வாத்தியாரோட பலகைதான்."

மூக்கால் சிரிக்கிற சத்தம் கேட்டது.

"கிதார் கரெக்ட்," என்றான் டாக்டர். "உள்ள பாடறது உன் பழைய பிக்கப். உன்னோடதுல எப்படிப் பாடிச்சோ, தூள் கொட்ட, அப்படியே பாடுது."

"தூளா? இதுலயா? காது இருக்காடா உனக்கு?" என்று திரும்பி, என் சிவப்பை எடுத்து மாட்டி, உச்சக் கம்பியில் ஓங்கி ஒரு மீட்டு மீட்டினேன். அந்த நேரம் பார்த்துக் காபியோடு டாக்டரின் மனைவி உள்ளே வந்தாள். தட்டு ஆடியது. டம்ளர்கள் ஒன்றோடொன்று மோதின.

"ஐயோ அண்ணா, நிறுத்துங்கோ! பல்லெல்லாம் கூசறது." பிறகு கணவனைப் பார்த்தாள். "இன்னுமா சொல்லலை? அண்ணாக்கு மேல் ஸ்தாயி கேக்கறதே இல்லைன்னு மழை நாள்லேர்ந்து என்கிட்ட சொல்லிண்டிருக்கேளே! ரெண்டு பேரும் சிரிச்சுண்டே இருந்தா எப்படி?"

தட்டை வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டாள்.

யாரும் காபியைத் தொடவில்லை. டாக்டர்தான் முதலில் அசைந்தான், கைபேசியை எடுத்துக்கொண்டு. "சரி, சந்தேகம் எதுக்கு? திரும்புடா. மெல்லிசா ஒரு சத்தம் வரும். கேட்டதும் விரலைத் தூக்கு."

திரும்பினேன். என் சுவர். சுண்ணாம்பு உப்பி ஒரு தீவு போல மேலெழுந்திருந்த இடம் எனக்கு மனப்பாடம். மின்விசிறி சுற்றும் சத்தம் கேட்டது. தெருவில் பேருந்து திரும்புவது கேட்டது. வேறெதுவும் இல்லை. விரலைத் தூக்காவிட்டால் இந்த நாற்காலி போய்விடும் என்று மட்டும் தெரிந்தது. தூக்கினேன்.

"கேக்குதா?"

"கேக்குது."

"எப்படி இருக்கு? நீதான் அழகா சொல்லுவியே, சொல்லு."

"வெயில்ல வெள்ளிக் கம்பியை இழுக்கற மாதிரி," என்றேன். "நுனியில லேசா நடுங்குது."

"நான் இன்னும் ஆன் பண்ணவே இல்லடா."

வாத்தியார் தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தான். சுவரைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தேன். சிரிப்பு பாதியில் நின்றபோது என்னவென்று திரும்பினேன். வாத்தியார் முகத்தைச் சுளித்து, ஒரு காதில் விரலை விட்டுக்கொண்டிருந்தான். டாக்டர் இப்போதுதான் ஆன் செய்திருக்கிறான். அறை எனக்கு அப்படியே இருந்தது, விசிறி, பேருந்து.

"ஏண்டா சொல்லலை?"

"சொன்னா நீ வரமாட்ட," என்றான் டாக்டர், ஆறிய காபியை எடுத்துக்கொண்டு. "நீ ஒவ்வொரு வாரமும் வந்து ஒண்ணைக் கழட்டச் சொல்லுவ பாரு... அதுக்குத்தான்டா ஞாயித்துக்கிழமை எப்ப வரும்னு இருப்போம்."

அன்பாகத்தான் சொன்னான். நாக்கை நீட்டச் சொல்லும் குரல் அது, நோயாளிகள் நம்பி வாய் திறக்கும் குரல்.

வாத்தியாரிடம் திரும்பினேன். "என் பிக்கப்பைக் கழட்டிக் குடு."

அவன் பலகையை மார்போடு இழுத்துக்கொண்டான். "ஈஸ்டருக்கு இதுலதான் மச்சி வாசிக்கணும். ஃபாதரே கேட்டாரு, இன்னாப்பா இது, எங்க புட்ச்சே இந்த சவுண்டைன்னு." கொஞ்சம் யோசித்தான். ஆறுதல் சொல்கிறவனின் முகம் வந்தது அவனுக்கு. "உனக்கு இனிமே எல்லாம் ஒண்ணுதானே. எங்கிட்ட கீதுன்னா நாலு பேராவது கேப்பாங்க."

என் கண்ணாடித் தூள் அவன் மடியில் கிடந்தது. அதை நான்தான் சாக்கு என்றேன், செத்தது என்றேன். இனி அது தேவாலயத்தின் கூரை வரை போய்ச் சிதறும், முன்வரிசைக் கிழவிகள் நிமிர்ந்து பார்ப்பார்கள், நான் வாசலில் நின்றால் எனக்கு ஈரச் சாக்கு கேட்கும்.

என் சிவப்பு இன்னும் ஆம்ப்ளிஃபயரில்தான் மாட்டியிருந்தது. எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டேன். ஆம்ப்ளிஃபயரின் கூர்மைக் குமிழை முழுக்கத் திருகினேன். ஒலிக் குமிழை, அது போகும் வரை.

"டேய், வேணாண்டா," என்றான் டாக்டர்.

உச்சக் கம்பியைச் சுண்டினேன். டாக்டரின் கையிலிருந்த காபி மடியில் கொட்டியது. வாத்தியார் என் தொண்டை மாட்டிய கிதாரைக் கீழே போட்டுவிட்டு இரண்டு காதையும் பொத்திக்கொண்டான். கீழே எங்கோ டாக்டரின் மனைவி கத்துவது கேட்டது. நான் நிறுத்தவில்லை. மறுபடி சுண்டினேன். என்ன இனிமை அது, என்ன தெளிவு, என் பழைய நாட்களைப் போலவே.

பக்கத்து வீட்டு நாய் ஊளையிடத் தொடங்கியது. அது எனக்கு நன்றாகக் கேட்டது.