மூன்றாவது சேனலில் ஒரு குரல்

கடைக்காரர் இரண்டு சவுண்ட் மிக்ஸரையும் தூக்கித் தந்துவிட்டார். "ரெண்டையும் வீட்ட கொண்டுபோய்ப் பாருங்க தம்பி. பிடிச்சத வச்சிட்டு மற்றத வெள்ளிக்கிழமை தந்தாச் சரி."

ஒன்று புதுசு. இரைச்சலே இல்லை, ஆனால் குரல் மெலிந்து நோஞ்சானாய் வரும். மற்றது கலியாண வீடுகளுக்கு ஸ்பீக்கர் கட்டிய ஒருவர் விற்றுவிட்டுப் போன பழசு. செங்கல் கனம். ஆனால் அதில் கதைத்தால் என் தகரக் குரலுக்கே ஒரு நெஞ்சு முளைத்தது.

ஸ்டூடியோ என்று நாங்கள் பெருமையடித்தது துறைமுகப் பக்கம் நண்பனின் வீட்டுப் பின்னறையை. சுவரெல்லாம் முட்டைத் தட்டு, ஒரு கதிரை, ஒரு லப்டொப். கம்பஸ் படிப்பு முடித்து வேலை கிடைக்காத இரண்டு பேருக்கு வேறென்ன வேண்டும்!

பள்ளிவாசலில் பின்னேர அசர் பாங்கு முடிந்த கையோடு பழசைச் சோதித்தோம். எதையும் செருகாமல், வெறும் மூன்றாவது சேனலின் சத்தத்தைக் கூட்டினேன். ஹெட்போனுக்குள் யாரோ மூச்சு இழுத்தார்கள். பிறகு, தண்ணீருக்கடியிலிருந்து வருவதுபோல் ஒரு பெண் குரல்.

"மகன்... மகன்... கேக்குதா? ஓவர்."

ஹெட்போனைக் கழற்றி எறிந்தேன். நண்பன் எடுத்துக் காதில் வைத்தான். முகம் வெளுத்தது, வாய் மட்டும் அடங்கவில்லை.

"ஜின் குடியிருக்கிற சாமான் மச்சான். கடைக்காரன்ட்ட விலையக் குறைக்கச் சொல்லு."

"விசர்க்கதை கதையாத. ஒண்டுமே குத்தேல்ல, எங்கால வருது?"

அவன் ஒரு காதை மட்டும் விடுவித்தான். அப்படியே நின்றுவிட்டான். அதே சொற்கள், அதே நேரத்தில், மதிலுக்கு அப்பாலிருந்தும் வந்தன.

பக்கத்து வீட்டு மாமி! அவரின் மகன் இறக்கக்கண்டிக் கரையிலிருந்து போட்டில் மீன்பிடிக்கப் போனவன். கூடப் போன போட்டுகள் எல்லாம் கரைக்கு வந்துவிட்டன, அவனுடையது மட்டும் வரவில்லை. கடலில் நிற்பவர்கள் பற்றறியை மிச்சம் பிடிக்க ரேடியோ செட்டை நிறுத்தி வைத்து, அசருக்குப் பிறகுதான் போடுவார்கள். வீட்டிலிருப்பவர்களும் அந்த நேரத்தில்தான் கூப்பிடுவார்கள். மாமியின் ஏரியல் எங்கள் பின்னறைக்கு மேலே சாய்ந்து நின்றது. பழைய மிக்ஸர் அதையும் விழுங்கியிருக்கிறது.

விளங்கியதும் பயம் போயிருக்க வேண்டும். போகவில்லை. 'ஓவர்' சொல்லிவிட்டு அவர் பதிலுக்கு விட்ட இடைவெளி முழுவதும் எங்கள் காதுக்குள்ளேயே கிடந்தது.

நண்பன் மதிலால் எட்டி, பெரிய கண்டுபிடிப்புப் போலக் கத்தினான். "மாமி, உங்கட குரல் எங்கட மிக்ஸருக்குள்ள கணீரெண்டு கேக்குது!"

மாமி செட்டின் மைக்கைப் பிடித்தபடி யன்னலுக்கு வந்தார். "அப்ப செட் வேலை செய்யுதா?"

"ஓம் மாமி, சோக்கா வேலை செய்யுது!"

"நான் செட் பழுதெண்டெல்லோ நினைச்சிட்டு இருந்தன்" என்றார். "அதுதான் அவன் பதில் சொல்லல்லையெண்டு."

நண்பனின் சிரிப்பு பாதியில் நின்றது. மாமி யன்னலைச் சாத்தினார்.

பழசைத் திருப்பிக் கொடுப்பதென்று இருவரும் சேர்ந்தே முடிவெடுத்தோம். வெள்ளிக்கிழமை பின்னேரம் அதைப் பெட்டிக்குள் வைக்கும்போது நண்பன் என் கையைப் பிடித்தான். "ஒருக்கா கேட்டிட்டு வைப்பம்."

அசர் முடிந்திருந்தது. மூன்றாவது சேனலைக் கூட்டினேன். வெறும் இரைச்சல். இனி வரமாட்டாது என்று நினைத்த நேரத்தில் மூச்சுச் சத்தம் கேட்டது.

"பக்கத்து வீட்டுத் தம்பிமார்... கேக்குதா?"

மிக்ஸரால் கேட்க மட்டும்தான் ஏலும். பதில் சொல்ல ஏலாது. நண்பன் மதிலடிக்கு ஓடினான்.

"கேக்குது மாமி! கேக்குது!"

மாமி மைக்கின் பட்டனை இன்னும் விடவில்லை போலும். அவன் கத்தியது எனக்கு இரண்டு பக்கத்தாலும் கேட்டது. வாசலால் ஒருவன் கத்தினான். தண்ணீருக்கடியிலிருந்து இன்னொருவன் கத்தினான்.

பிறகு மாமியின் குரல், எங்களுக்கில்லாமல், மெதுவாக: "அப்ப அவனுக்கும் கேக்கும். ஓவர்."

பழசை மேசையிலேயே விட்டுவிட்டு, புதுசைப் பெட்டியில் போட்டு நானே கடைக்குக் கொண்டுபோனேன். அசருக்குப் பிறகு நாங்கள் யாருக்கும் ரெக்கோடிங் வைப்பதில்லை.